நாணுக்கும் மானுக்கும் நடுவே

உயிருக்குப் பயந்து ஓடும் புள்ளிமான் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். மரத்தை வளைத்து நாண் பூட்டிய பழைய பாணி வில்லிலிருந்து புறப்படும் அம்போ நொடிக்கு 50 மீட்டர் போகும். மணிக்கணக்கில் சொன்னால் 180 கிலோமீட்டர், அதாவது மானைப்போல மூன்று மடங்கு. இத்தனைக்கும் மான் ஓடக்கூட இல்லை, குனிந்து மேய்ந்துகொண்டு நிற்கிறது. வில்லாளியின் குறி சரி, கையும் நடுங்கவில்லை. அப்படியும் அம்பு மானின் முதுகுக்கு மேலே காற்றைக் கிழித்துக்கொண்டு போய்ப் புதரில் செருகிக்கொள்கிறது. எப்படி?

சினிமாவில் இந்தச் சிக்கல் வருவதே இல்லை. நாயகன் நாணை இழுத்தால் அடுத்த காட்சியில் மான் கீழே கிடக்கும். ஆனால் வேட்டைக் கதை சொல்லும் பெரியவர்களிடம் கேட்டால், மானுக்கு அம்பு வருவது முன்கூட்டியே தெரியும் என்பார்கள். பாதி உண்மை. அம்பு என்று ஒன்று இருப்பதே மானுக்குத் தெரியாது. அது தப்பிப்பது வேறொன்றைக் கேட்டு.

அதைப் புரிந்துகொள்ள அமேசானுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போகவேண்டாம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போனால் சாலையோரத்தில் தொடங்கும் முள்ளுக்காடு போதும். வில்லை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானை வேட்டையாடுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கு எந்தச் சட்டத்திலும் தடை இல்லை.

பத்தடியில் நிற்பது ஏன் தெரியவில்லை?

இது மழையை நம்பிய பூமி. கரிசலும் செவலும் கலந்து கிடக்கும் மானாவாரி நிலம். வருடத்தில் பெரும்பகுதி மணல் மட்டுமே ஓடும் குண்டாறு, ஐப்பசி கார்த்திகையில் நிறைந்து மாசி பங்குனியில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும் கண்மாய்கள். தரிசாகப் போட்ட நிலத்தையும் கண்மாயின் உள்வாயையும் ஓடைக்கரையையும் இன்று பிடித்திருப்பது சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்து மரம். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்தியாவுக்கு வந்தது. விடுதலைக்குப் பிறகு விறகுக்கும் வேலிக்கும் என்று தென்மாவட்டங்களில் பரப்பப்பட்டு, அப்புறம் யார் சொல்லையும் கேட்காமல் தானே பரவிக்கொண்டது.

இந்த மரத்தின் ஒரு குணத்தைக் கவனிக்கவேண்டும். நாட்டுக் கருவேலம் ஒற்றைத் தண்டாக எழுந்து மேலே குடை விரிக்கும். அதன் அடியில் குனிந்து பார்த்தால் அக்கரை வரைக்கும் தெரியும். சீமைக்கருவேலத்தைக் கரிமூட்டத்துக்காக ஒருமுறை வெட்டிவிட்டால் தூரிலிருந்து நாலு கிளை கிளம்பும். மறுபடி வெட்டினால் எட்டு. தரையிலிருந்து ஆள் உயரம் வரை முள்ளும் சிம்பும் பின்னிக்கொண்டு, பத்துப் பதினைந்து மீட்டருக்கு அப்பால் கண் போகாது. வெட்ட வெட்டக் காடு அடர்த்தியாகும் என்பது விறகு வெட்டுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த சேதி.

இந்த முள்ளுக்குள்தான் புள்ளிமான்கள் பகலில் ஒதுங்குகின்றன. சாயங்காலம் வெளியே வந்து புல்லையும், கீழே உதிர்ந்த கருவேல நெற்றையும் மேயும். சமயம் கிடைத்தால் உளுந்தையும் பாசியையும். வெள்ளாமை செய்கிறவர்கள் மானை அழகு என்று சொல்லமாட்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

பத்தடி தூரத்தில் நிற்கும் மான் நம் கண்ணில் படாததற்கு முள் மட்டும் காரணமல்ல. கிளைகளின் ஊடே விழும் வெயில் தரையில் வெள்ளை வட்டங்களாகச் சிதறும். மானின் முதுகிலும் அதே அளவில் வெள்ளைப் புள்ளிகள். அதைவிட முக்கியம் வயிறு. வெயில் மேலிருந்து விழுவதால் எந்தப் பொருளும் மேலே வெளிச்சமாகவும் கீழே நிழலாகவும் தெரியும். அந்த நிழலைக் கொண்டுதான் நம் மூளை ஒன்றைத் திரட்சியான பொருள் என்று கண்டுகொள்கிறது. மானுக்கு முதுகு கருத்த பழுப்பு, வயிறு வெள்ளை. வெளிச்சம் விழும் இடத்தில் அடர்ந்த நிறம், நிழல் விழும் இடத்தில் வெளிர் நிறம். இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்து, உடம்பு தட்டையாகிப் பின்னணியோடு ஒட்டிப்போகிறது.

பழகிய கண்கள் முழு மானைத் தேடுவதில்லை. நிமிர்ந்த சிம்புகளுக்கு நடுவே கிடைமட்டமாக ஒரு கோடு தெரிந்தால் அது முதுகாக இருக்கலாம். ஈ விரட்டும் ஒரு காதசைவு, ஈரமாக மின்னும் ஒரு மூக்கு நுனி. துண்டு துண்டாகத்தான் மான் தென்படும்.

மான் நம்மை எப்படிப் பார்க்கிறது?

நமக்கு நிறம் பிரிக்கும் உணர்செல்கள் மூன்று வகை, மான்களுக்கு இரண்டே. நீலமும் பச்சையும் அவற்றுக்குத் தெரியும். சிவப்பும் ஆரஞ்சும் மங்கலான பச்சையாகவோ பழுப்பாகவோ போய்விடும். காவி நிறத்தில் ஒரு புலி காட்டுக்குள் எப்படி ஒளிந்துகொள்கிறது என்று வியப்பவர்களுக்கு இதுதான் பதில்: புலி காவி நிறம் என்பது நமக்குத்தான், மானுக்கு அல்ல.

நிறத்தில் இழந்ததை மான் அகலத்தில் ஈடுகட்டுகிறது. கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 300 பாகை சுற்றிப் பார்க்கிறது. அசையாமல் நிற்கும் ஆளை அது பொருட்படுத்தாமல் போகலாம், விரலசைந்தால் விடாது.

ஆனால் அடர்ந்த முள்ளுக்குள் இந்த அகலப்பார்வையும் பத்து மீட்டரோடு நின்றுவிடும். புதர் இரண்டு தரப்பையும் ஒரே அளவுக்குக் குருடாக்குகிறது. அதன்பிறகு ஆட்டம் காதின் கையில்.

புள்ளிமானின் காது மடல்கள் ஒன்றையொன்று சாராமல் திரும்பும். ஒன்று முன்னே, ஒன்று பின்னே. வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான்களைச் சோதித்தபோது, நம் காதுக்கு எட்டாத உச்சத்தாயி ஒலிகளையும் அவை கேட்பது தெரியவந்தது. சுள்ளி முறிவதும் சருகு நொறுங்குவதும் எழுப்பும் கூர்மையான ஒலியில் உச்சத்தாயியின் பங்கு அதிகம். சித்திரை வெயிலில் காய்ந்த கருவேலங்காட்டுக்குள் சத்தமில்லாமல் பத்தடி நடந்துபாருங்கள், தெரியும்.

ஆடி மாதத்தில் நிலைமை வேறு. மேல்காற்று நாள் முழுக்க இரைந்துகொண்டே இருக்கும். எல்லாக் கிளையும் உரசும். காலடிச் சத்தம் அதில் கரைந்துபோகும் என்று வேட்டைக்காரன் மகிழலாம். மான் அப்படி எண்ணுவதில்லை. கேட்கமுடியாத நாளில் அது மேய்ச்சலைக் குறைத்துக்கொண்டு தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும்.

ஐந்தில் இரண்டு பங்கு நொடி

இனி கணக்கு. வில்லாளிக்கும் மானுக்கும் இடையில் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாண் விடப்படுகிறது. அம்பு நொடிக்கு 50 மீட்டர் போவதால் மானை அடைய 0.4 நொடி வேண்டும்.

வளைத்த வில்லில் சேர்ந்த ஆற்றல் முழுவதும் அம்போடு போவதில்லை. மிச்சம் நாணையும் வில்லின் கைகளையும் அதிரவைக்கிறது. அந்த அதிர்வுதான் நாணொலி. அருப்புக்கோட்டை வெயிலில், 35 பாகை வெப்பத்தில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். அம்பைப்போல ஏழு மடங்கு. 20 மீட்டரைக் கடக்க அதற்கு 0.06 நொடி போதும். ஆக, அம்பு வழியில் மூன்று மீட்டர் தூரம்கூட வராத நேரத்தில் நாண் அறைந்த ஓசை மானின் காதில் விழுந்துவிட்டது.

காதில் விழுந்ததும் உடம்பு உடனே நகராது. சேதி மூளைத்தண்டு வரை போய், கட்டளை தசைக்குத் திரும்பவேண்டும். இதற்கு ஆகும் காலத்தை எதிர்வினை நேரம் என்போம். 100 மீட்டர் ஓட்டத்தில் துப்பாக்கி ஒலித்து 0.1 நொடிக்குள் ஒருவர் கிளம்பினால் அவர் ஒலியைக் கேட்டுக் கிளம்பவில்லை, ஊகத்தில் கிளம்பினார் என்று சொல்லி அதைத் தவறான தொடக்கமாகக் கருதுவது சர்வதேச விதி. மானுக்கு நாம் 0.14 நொடி கொடுப்போம். ஒலிப் பயணத்துக்கு 0.06, எதிர்வினைக்கு 0.14. இரண்டும் சேர்ந்து 0.2 நொடி. அம்பு வந்துசேர இன்னும் 0.2 நொடி பாக்கி இருக்கிறது.

அந்த நேரத்தில் மான் என்ன செய்கிறது? பக்கவாட்டில் விலகுவதில்லை, மேலே குதிப்பதும் இல்லை. கீழே இறங்குகிறது. தாவுவதற்கு முன் காலை மடக்கியாகவேண்டும். நாமும் குனிந்துதான் குதிக்கிறோம். நான்கு காலையும் ஒரே சமயத்தில் தளர்த்திவிட்டால் உடம்பு தானே விழும். தசை எதையும் தள்ளவேண்டியதில்லை, இழுக்கும் வேலையைப் பூமி பார்த்துக்கொள்ளும்.

பிடிமானம் இல்லாமல் விழும் எந்தப் பொருளும், ஆடானாலும் அம்மிக்கல்லானாலும், முதல் 0.2 நொடியில் 20 சென்டிமீட்டர் இறங்கும். புள்ளிமானின் மார்புக்கூடு மேலிருந்து கீழாக ஒரு முழத்துக்குள். வில்லாளி குறிவைத்தது அதன் நடுவில். நடுப்பகுதி 20 சென்டிமீட்டர் கீழே போய்விட்டால் அம்பு வரும் உயரத்தில் இப்போது இருப்பது முதுகின் விளிம்பு. ரோமத்தை உரசினால் உண்டு, இல்லையென்றால் அதுவும் இல்லை.

இதை நாணொலித் துள்ளல் என்று அழைக்கலாம். துள்ளல் தொடங்குவதே பதுங்கலில். மான் அம்பிலிருந்து விலகவில்லை, ஓடுவதற்குத் தயாராகிறது. தயாராகும் அசைவே அதைக் காப்பாற்றிவிடுகிறது.

பாதித் தூரம், நாற்பதில் ஒரு பங்கு

இதே வில், இதே மான். தூரத்தை மட்டும் பாதியாக்குவோம்: 10 மீட்டர். அம்புக்கு 0.2 நொடி. ஒலிக்கு 0.03, எதிர்வினைக்கு அதே 0.14. மானுக்கு மிச்சம் 0.03 நொடிதான். அதற்குள் எவ்வளவு இறங்கும்? அரை சென்டிமீட்டர்.

தூரம் பாதியானால் இறக்கமும் பாதியாகும் என்றுதான் தோன்றும். ஆனால் அது 20 சென்டிமீட்டரிலிருந்து அரை சென்டிமீட்டராகிவிட்டது. நாற்பதில் ஒரு பங்கு. காரணம் இரண்டு. எதிர்வினை நேரம் தூரத்தோடு சேர்ந்து குறைவதில்லை, அது நிலையான செலவு. அடுத்தது, விழும் பொருள் போகப்போக வேகம் கூடுவதால் நேரம் இரட்டித்தால் இறக்கம் நான்கு மடங்காகும். நேரம் சுருங்கினால் அதே கணக்கில் சுருங்கும்.

எதிர்த்திசையில் 30 மீட்டருக்குப் போனால் மானுக்குக் கிடைப்பது 0.37 நொடி. அதற்குள் அது பதுங்கி முடித்து, திரும்பி, தாவத் தொடங்கியிருக்கும். பழைய பாணி வில்லுக்கு அந்தத் தூரத்தில் வேலையே இல்லை.

அடர்ந்த புதர் வேட்டைக்காரனுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை இந்த எண்களில் இருக்கிறது. புதர் அவனுக்கு மறைவு கொடுத்தது என்பது சரிதான். அந்த மறைவு எத்தனை மீட்டரைக் குறைத்தது என்பதே கணக்கு. இலங்கையின் களுத்துறை மாவட்டத்து ஃபா-ஹியன் லேனா குகையில் கிடைத்த எலும்பு முனைகளை ஆராய்ந்தவர்கள், சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வில்லும் அம்பும் புழங்கின என்று 2020இல் அறிவித்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லுக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அது. குகை இருப்பது மழைக்காட்டில். வில் அங்கே செழித்ததில் எனக்கு வியப்பில்லை.

நம் பக்கத்து வில்லாளி வல்வில் ஓரியும் கொல்லிமலைக் காட்டுக்காரன்தான். யானை, புலி, புள்ளிமான், பன்றி, உடும்பு ஐந்தையும் அவன் ஒரே அம்பில் சாய்த்ததாக வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் பாடியிருக்கிறார். இயற்பியல் இதற்கு உடன்படாது. 30 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் சுமந்து வரும் ஆற்றல், வேகப்பந்து வீச்சாளர் 140 கிலோமீட்டர் வேகத்தில் எறியும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான். அம்பு மோதிக் கொல்வதில்லை, அறுத்துக் கொல்கிறது. பட்ட விலங்கு அங்கேயே விழாமல் புதருக்குள் ஓடும். ரத்தத் தடம் பார்த்துத் தேடிப் போகவேண்டும். புலவருக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு, ஓரி பரிசு கொடுத்தான், பாடினார்.

வழியில் ஒரு கிளை

புதர் தூரத்தைக் குறைத்துக் கொடுத்தது. கூடவே ஒரு தொல்லையையும் கொடுத்தது. அம்பு நேர்கோட்டில் போவதில்லை. நாணைவிட்ட நொடியிலிருந்து அதுவும் விழத் தொடங்கிவிடுகிறது. 0.4 நொடியில் 78 சென்டிமீட்டர் இறங்கும் என்பதால் வில்லாளி அதற்கேற்றபடி சற்று மேல்நோக்கி விடுகிறான். 20 மீட்டர் பாதையில் அம்பு ஒரு வளைவாக ஏறி இறங்கும். நடுவழியில் பார்வைக் கோட்டைவிட 20 சென்டிமீட்டர் மேலே இருக்கும். கண்ணுக்கு மான் வரைக்கும் வழி திறந்திருக்கிறது. ஆனால் அம்பு கண் போன வழியில் போகவில்லை. ஒரு சாண் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சிம்பில் மோதுகிறது. சுண்டுவிரல் பருமன் குச்சி போதும், இலேசான அம்பின் திசை கெட்டுவிடும்.

10 மீட்டரில் அந்த வளைவின் உயரம் 5 சென்டிமீட்டர் மட்டுமே. இங்கேயும் நெருக்கமே வெல்கிறது. வில்வேட்டை என்பது எய்யும் கலை என்று நாம் எண்ணுகிறோம். கணக்கு அதை அணுகும் கலை என்கிறது.

கடல் கடந்த புள்ளிமான்

இதெல்லாம் காகிதக் கணக்கா, நடப்பா? இந்தியாவில் சோதிக்கமுடியாது, வேறு இடத்தில் நடந்திருக்கிறது. 1860களில் புள்ளிமான்கள் சில, ஹவாயின் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹாவுக்குப் பரிசாகக் கப்பலில் போயின. மொலொகாய் தீவில் விடப்பட்டுப் பெருகின. 1930களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்கும் கொண்டுபோனார்கள். இரண்டு இடத்திலும் அவை வெளியிலிருந்து வந்த விலங்கு என்பதால் வேட்டைக்கு அனுமதி உண்டு. வில்லோடும் போகிறார்கள். அந்த வில்லாளிகளிடையே நம் புள்ளிமானுக்கு ஒரு பேர் உண்டு: நாணொலிக்குப் பதுங்குவதில் மிகத் துரிதமான மான்.

அவர்கள் கையில் இருப்பது கப்பி பூட்டிய நவீன வில். அம்பு நொடிக்கு 90 மீட்டர் போகும். நம் கணக்கில் போட்டால் 20 மீட்டரில் மானுக்கு அசையவே நேரமில்லை. 40 மீட்டருக்குப் போனால் மறுபடியும் 18 சென்டிமீட்டர் இறங்கிவிடுகிறது. தொழில்நுட்பம் தூரத்தை இரட்டித்துத் தந்ததே தவிர மானை மாற்றவில்லை. ஹவாயில் புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை. 150 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பதுங்கல் மறையவில்லை.

கரிசலுக்கு நாய்

அப்படியானால் அருப்புக்கோட்டைச் சீமையின் பழைய வேட்டை வில்வேட்டையா? கரிசலைப் பொறுத்தவரை வில்லுக்கு இங்கே பெரிய இடம் இருந்திருக்காது என்பதே என் கருத்து. சீமைக்கருவேலம் வருவதற்கு முன் இது பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்த திறந்த வெளி. மரமென்றால் பனையும், கண்மாய்க்குள் நாட்டுக் கருவேலமும், ஆங்காங்கே உடைமரமும். பத்து மீட்டருக்கு நெருங்க மறைவில்லாத நிலத்தில் வில் என்ன செய்யும்?

இந்த மண் உருவாக்கிய வேட்டைக் கருவி வேறு: சிப்பிப்பாறை, கன்னி. ஒடுங்கிய முகம், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பித் துரத்தும் நாய்கள். வெட்டவெளியில் முயலை ஓட்டிப் பிடிக்கவே வளர்க்கப்பட்டவை. முள்ளுக்காட்டில் அவற்றின் கண்ணும் வேகமும் வீண். நிலம் திறந்திருந்தால் வேகம், மூடியிருந்தால் நெருக்கம். வேட்டைக்கருவி இந்த இரண்டில் ஒன்றுக்கு ஏற்பத்தான் அமையும்.

அம்பில்லாத காலத்தில்

இன்று இந்தப் பகுதி மான்களைக் கொல்வது அம்பு அல்ல. தண்ணீர் தேடி முள்ளுக்காட்டைவிட்டு வெளியே வரும்போது ஊர் நாய்கள் கூட்டமாகத் துரத்துகின்றன. மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் வாகனங்கள் அடிக்கின்றன. சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் வேறு.

ஐந்தில் ஒரு பங்கு நொடியில் உயிரைக் காக்கும் அந்த உடம்பு இவற்றுக்காக உண்டானதல்ல. நாணொலி திடீரென்று அறையும். லாரியின் இரைச்சல் தூரத்திலிருந்து மெல்ல மெல்லக் கூடும், அதற்குப் பதுங்கல் கிளம்பாது. இருட்டுக்குப் பழகிய கண்ணில் முகப்பு விளக்கு விழுந்தால் வேறெதுவும் தெரியாமல் மான் நடுச்சாலையில் நின்றுவிடும். நாய்கள் விஷயம் இன்னும் மோசம். மானின் தசை வெடித்துக் கிளம்பி முள்ளுக்குள் மறைவதற்கு ஏற்றது. நெடுநேரம் துரத்தப்பட்டால் உடல்சூடு ஏறி, தசையில் அமிலம் சேர்ந்து, தசைநார்களே சிதையத் தொடங்கும். துரத்தல் தசைச்சிதைவு என்று இதைச் சொல்லலாம். கடிபடாமல் தப்பிய மான்கூட சில மணிநேரமோ சில நாளோ கழித்து இதனால் செத்துப்போவது உண்டு. பிடித்துக் கட்டிப்போட்டாலும் இதே கதி.

ஆகவே திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கம் இரவில் வண்டி ஓட்டும்போது ஒரு மான் குறுக்கே ஓடினால் வேகத்தைக் குறையுங்கள். அது தனியாக வராது, பின்னால் கூட்டம் இருக்கும். அடிபட்ட மானையோ நாய்களுக்குத் தப்பி ஊருக்குள் வந்த மானையோ கண்டால் தூக்கிவந்து கட்டிவைக்காதீர்கள், வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், செல்ஃபிக்கு ஆள் கூட்டாதீர்கள். நாய்களை விரட்டுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், முடிந்தால் மானின் கண்ணை ஒரு துணியால் மூடுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை சத்தம் போடாமல் இருங்கள்.